பச்சை மருந்து வரிசை

என் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். மைத்துனன் மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர், என் இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

"இன்னா மாப்ள, கண்ணு மஞ்சளா இருக்குது?"

பந்தியில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மனைவி ரீட்டா மட்டும் தன் இலையைப் பார்த்தாள். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். வெளியே சொல்ல முடியாது.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ரீட்டாவுக்கு இல்லை. பல வருடங்களாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து) சாப்பிடுகிறேன். பழைய மருந்து சரியாக வேலை செய்யாததால் அப்போதுதான் ஒரு மாத்திரையை மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்தது அட்டாசனவிர். அதைச் சாப்பிடும் சிலருக்கு பிலிருபின் (பழைய ரத்த அணுக்கள் உடைவதால் உண்டாகும் மஞ்சள் பொருள், ஈரல் வழியாக வெளியேறுவது) ரத்தத்தில் கொஞ்சம் தேங்கும். கண் மஞ்சளாகும். அதனால் ஈரலுக்குக் கெடுதல் இல்லை.

டாக்டரம்மா இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். "பார்க்கத்தான் பயமா இருக்கும். பயந்தா எங்கிட்ட வாங்க. வேற எங்கயும் போயிடாதீங்க."

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த மாத்திரைகள் ஒரு சத்து மாத்திரை டப்பாவுக்குள் இருந்தன. கேட்டவர்களுக்கு ரத்தச்சோகை என்று சொல்லி வைத்திருந்தோம். இதே நோயோடு இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். உங்கள் வீட்டு டப்பா எந்த டப்பாவோ.

எங்கள் பக்கத்தில் கண் மஞ்சளானால் காமாலை. காமாலை என்றால் பச்சை மருந்து, பத்தியம். இதில் யாரும் யாரையும் யோசனை கேட்பதில்லை. மறுநாளே மாமியார் துணிப்பையோடு வந்து இறங்கிவிட்டார். ரீட்டாவுக்குப் பத்தியச் சமையல் வராதாம். உப்பு, புளி, எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்துப் பரண்மேல் வைத்தார். கூடவே அந்த டப்பாவையும் வைத்தார்.

"பச்சை மருந்து உள்ள போற நேரத்துல இங்கிலீஷ் மாத்திரை ஆவாது. சத்து மாத்திரைதான? ஒரு மண்டலம் வுட்டா இன்னா?"

சத்து மாத்திரை என்று சொன்னது நாங்கள்தான். எதைச் சொல்லி அவரைத் தடுப்பது?

பச்சை மருந்து கொடுக்கும் வைத்தியர் வீடு மூலக்குளம் தாண்டி, வில்லியனூர் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடியலில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்க வேண்டும். என்ன இலை என்று சொல்லமாட்டார். அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுப்பார். அவர் பெயரை இங்கே எழுதலாம்தான். எழுதினால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்வார்; அந்தச் சாமர்த்தியம் உள்ளவர்.

முதல் நாள் கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். அத்தையை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, அவரிடம் தனியாக உண்மையைச் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதையும் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"அதுக்கும் இதே மருந்து கேக்கும். ரெண்டையும் ஒண்ணா உள்ள வுட்டா ஈரல் வெந்துடும். அப்பறம் என்னக் கேக்காத" என்றார்.

வீட்டில் மாமியார், இங்கே இவர். நிறுத்திவிட்டேன்.

ஒரு வாரத்தில் கண் பளிச்சென்று வெளுத்தது. வெளுக்காமல் என்ன செய்யும்? மஞ்சளாக்கிய மாத்திரையைத்தான் நிறுத்தியாயிற்றே. டாக்டரம்மா முன்பே சொன்னது இன்றைக்குத்தான் உறைக்கிறது. அன்றைக்கு அவர் காலில் விழாத குறை. அவர் என்னை வரிசைக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். என் கீழிமையைத் தன் விரலால் இழுத்து எல்லோருக்கும் காட்டினார். "நல்லா பார்த்துக்கோங்க." சந்தைக்கு வந்த மாடு போல வாயைத் திறக்காமல் நின்றேன். விரலில் இலைச்சாற்றின் வாடை அடித்தது. அந்த விரலை நான் மறக்கவில்லை.

மண்டலம் முடிகிற சமயத்தில் சோறு வேகும் வாசனையே குமட்ட ஆரம்பித்தது. சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் எனக்கு மெஷின் வேலை. நின்றால் கால் துவண்டது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு கண் மறுபடியும் மஞ்சளானது. இந்த மஞ்சள் வேறு, நகம்வரை இறங்கியிருந்தது. ரீட்டா யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாத்திரைய எப்ப நிறுத்தினீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உங்க உடம்புல ரெண்டு கிருமி இருக்கு. ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் கிருமி) உங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு, சொல்லியிருக்கேன். டெனோஃபோவிர், லாமிவுடின்னு உங்க மருந்துல ரெண்டு இருக்கே, அது ரெண்டு கிருமியையும் சேர்த்துப் புடிச்சு வச்சிருந்துச்சு. நிறுத்தினதும் ஹெபடைடிஸ் பி ஈரல் மேல பாஞ்சிடுச்சு."

"பொழைப்பேனா மேடம்?"

"ரத்தம் உறையிற நேரம் கூடாம இருக்கணும். தினம் பார்ப்போம்."

ரத்தம் உறைவதற்கான சரக்கை ஈரல்தான் செய்கிறது. ஈரல் படுத்தால் சின்னக் கீறலும் நிற்காது. தினமும் காலையில் நர்ஸ் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, ரத்தம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

இதற்கிடையே செவ்வாய்க்கிழமை வரிசையில் யாரோ கேட்டிருக்கிறார்கள், கண் வெளுத்து நின்றாரே, அவர் எங்கே, ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொல்கிறார்களே என்று. வைத்தியர் எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லியிருக்கிறார். "அவனுக்கு எய்ட்ஸு. அத எங்கிட்ட மறைச்சுட்டான். மறைச்சா என் மருந்து எப்பிடிக் கேக்கும்?"

வரிசையில் என் கம்பெனி ஆள் ஒருவர் நின்றிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி சேதராப்பட்டுக்கும் சாரத்துக்கும் வந்துவிட்டது.

மாமியார் வார்டுக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"எங்கிட்ட மறைச்சீங்க, சரி. அந்தாள்ட்டயும் மறைச்சீங்களா மாப்ள?"

"இல்ல அத்த. முத நாளே சொல்லிட்டேன். நீங்க ஆட்டோவுல இருந்தீங்க."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப தெரிஞ்சேதான் வுடச் சொன்னானா?"

 என் கால்மாட்டுப் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். டப்பாவைப் பரணில் வைத்த இவரையும் நான் சும்மா விடுவதாக இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அவருக்கு நான் தனியாகத் தண்டனை கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது.

பிள்ளை முகத்தை நினைத்துப் பிழைத்து வந்தேன் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த விரலை நினைத்துப் பிழைத்தேன். கஞ்சி இறங்காதபோது, அந்த வைத்தியனுக்காகவாவது குடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடித்தேன். அட்டாசனவிரை எடுத்துவிட்டு வேறு மாத்திரையோடு பழைய இரண்டையும் மறுபடி தொடங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் ஏறியிருந்த அளவுகள் இறங்கின.

படுத்துக்கொண்டே எத்தனையோ யோசித்தேன். ஆள் வைத்து அடிக்கலாமா, அந்த வீட்டைக் கொளுத்தலாமா என்றெல்லாம். ஒரு நாள் குளியலறைக் கண்ணாடியில் என் மஞ்சள் கண்ணைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் என் வாயைக் கட்டி வைத்திருந்தது. அந்தக் கட்டை வைத்தியரே அவிழ்த்துவிட்டார்.

டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பிய பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணில் மஞ்சள் இன்னும் மிச்சமிருந்தபோதே கிளம்பினேன். ரீட்டா தடுத்தாள். அத்தை நான் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அத்தையே ஆரம்பித்தார். "இந்த வைத்தியரு எய்ட்ஸுன்னு ஒருத்தரச் சொன்னாராமே, அவரு இவருதான். என் மருமவன். தெரிஞ்சுக்கிட்டே மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டு, மறைச்சுட்டான்னு கத கட்றாரு." மெதுவாகப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வைத்தியர் வெளியே வந்தார். "உனக்கு இங்க மருந்து கெடையாது, போ."

"மருந்துக்கு வரல ஐயா. உங்க மருந்து சாப்ட்டவன் கண்ண எல்லாருக்கும் காட்டினீங்க இல்ல? பாதிதான் காட்டினீங்க."

என் கீழிமையை நானே இழுத்துக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். அன்று சிலர் கலைந்து போனார்கள். சிலர் எங்களைத் திட்டிவிட்டு மருந்து குடித்தார்கள். முன்னால் நின்ற பெண் மட்டும் திரும்பி வந்து, எந்த ஆஸ்பத்திரி என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் போனோம். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மருந்து கொடுக்கும் நாளை ஞாயிறு காலைக்கு மாற்றினார். பூசையை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று கணக்குப் போட்டார். சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டால் ஞாயிறு கடன் தீர்ந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும். இப்போது நானும் அத்தையும் சனிக்கிழமையே பூசைக்குப் போய்விடுகிறோம். பகைவரை மன்னிக்கச் சொல்லி சாமியார் பிரசங்கம் வைக்கும்போது அத்தை என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கண் மஞ்சளானால், எந்த மாத்திரையையும் நிறுத்துவதற்கு முன் உங்கள் டாக்டரைப் பாருங்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ரீட்டாவுக்குத் தெரிந்திருந்ததால்தான் அன்று நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கம்பெனி கேண்டீனில் என் டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கிறது. அதையும் வைத்தியர் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

போன முறை ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தொட்டு அளக்கும் கருவி) எடுத்தார்கள். தழும்பு இருக்கிறது, ஆனால் ஈரல் தேறி வருகிறதாம். "ஈரல் மாதிரி மன்னிக்கிற உறுப்பு கெடையாது. நீங்க செஞ்சதுக்கு அது இப்பிடித் தேறுதே" என்றார் டாக்டரம்மா.

முன்பெல்லாம் என் வாரம் ஷிப்டு மாறும் நாளில் தொடங்கும். உடம்பு என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது வாரம் ஞாயிறு விடியலில் தொடங்குகிறது. விழித்ததும் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். வாசலில் அத்தை ஸ்டூலோடு நின்று செருமுவார்.

ஈரல் மன்னித்துவிட்டதாம். நல்லது. நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.