அன்னப்பறவை ரெக்கார்டு

என் தாய்மாமாவுக்கு மலைப் பாதை ஒத்துக்கொள்ளாது. அடிவாரத்துத் தாப்பாவில் பஸ் ஏறி நாலைந்து வளைவு திரும்புவதற்குள் அவருக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலையில் இறங்கும்போது வெளுத்துப்போன முகத்தோடுதான் இறங்குவார். அப்படியிருந்தும் அந்த வருடம் அடிக்கடி வந்துகொண்டிருந்தார். அவருக்குச் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. இவ்வளவு வாந்தியெடுத்தாவது அக்காவைப் பார்க்க வருகிறாரே என்று நான் உருகிப்போவேன். அம்மாவும் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் கேட்பவர்களிடமெல்லாம், "எம்மேல அவ்வளவு பாசம் அவனுக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலை ஓடும் நேரங்களில் லயத்துக்கும் மின்சாரம் வரும். அந்த நேரங்களில் எங்கள் வீட்டில் ரெக்கார்டு பாடும். பழைய பெட்டிதான், ஒரு பக்கம் மரம் சிராய்த்திருக்கும். ஆனால் அதன் ஊசியை அப்பாவைத் தவிர யாரும் தொடக் கூடாது. தட்டைத் துடைப்பதற்கென்று அவர் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தார். அந்தத் துணியையும் யாரும் தொடக் கூடாது.

வீட்டில் எங்களோடு அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. காலையில் கொழுந்து பறிக்கப் போவாள், மாலையில் குளித்துவிட்டு ரெக்கார்டு பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். பாட்டோடு சேர்ந்து பாட மாட்டாள், உதடு மட்டும் அசையும். அந்த வருடம் பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோசுத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. சொந்த நிலம், சொந்த லோரி, அதிகம் பேசாத மாப்பிள்ளை. அத்தைதான் பிடிகொடுக்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

மாமா முதலில் கொண்டுவந்தது ஒரு சிவப்பு ரெக்கார்டு. அதுவரை ரெக்கார்டு என்றால் கறுப்பு என்றுதான் எனக்குத் தெரியும். இது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிவப்பு. ஜன்னலில் வைத்துப் பார்த்தால் எதிர்மலைத் தேயிலை முழுக்கச் சிவந்து தெரிந்தது. அப்பா அதைச் சந்தேகத்தோடு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகு போட்டார். பாட்டு தெளிவாக வந்தது. முழுப் பக்கத்தையும் கேட்டுவிட்டு, "நெறத்துல என்ன இருக்கு, சத்தம் சுத்தமாத்தான் இருக்கு" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர் தலைமுடி காதை மூடியிருக்கும், கால்சட்டை தரையைக் கூட்டும். இரண்டுமே அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் ஒரு வேலையில் நிலைத்து இருந்ததில்லை என்பது அதைவிடப் பிடிக்காது.

அடுத்த முறை வந்தபோதுதான் அந்த அன்னப்பறவை ரெக்கார்டு வந்தது. வழியெல்லாம் அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்ததாக மாமா சொன்னார். சட்டையில் வாந்தி பட்டிருந்தது, அட்டையில் ஒரு துளி இல்லை. உறையிலிருந்து எடுத்தபோது நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தட்டு முழுக்க ஒரு படம். நீலநிற ஏரி, கரையில் பூக்கள், ஏரியின் நடுவே கழுத்தோடு கழுத்து சேர்த்தபடி இரண்டு அன்னங்கள். பாடல் பதிந்த மெல்லிய கோடுகள் அந்தப் படத்தின் மேலேயே வட்டம் வட்டமாக ஓடின. சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த அத்தை கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

அப்பா தட்டைச் சுழலவிட்டார். அன்னங்கள் ஒன்றையொன்று துரத்தி, கடைசியில் ஒரு வெள்ளை வளையமாக மாறின. ஊசி இறங்கியது. பாட்டுக்கு முன்னால் இரைச்சல் வந்தது. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் ஓயாத ஒரு சத்தம். பாட்டு ஆரம்பித்த பிறகும் அது அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. மெதுவாகப் பாடும் இடங்களில் குரல் அதற்குள் முழுகி எழுந்தது.

மாமா சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டார். அவர் போன பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"பாக்கத்தான் அழகு. உள்ள சரக்கு இல்ல."

"இரைச்சல் இருந்தா என்னண்ணே" என்றாள் அத்தை. "பாட்டு கேக்குதுல்ல."

"இன்னைக்குக் கேக்கும். தினம் கேட்டா காது நோவும்."

"நோவுறது என் காதுதானே."

அத்தை அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா மஞ்சள் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சாதா தட்டு இருக்கு பாரு, அது பகட்டா இருக்காது. ஆனா வருஷக் கணக்கா ஒழைக்கும்."

"எனக்குச் சாதா தட்டு வேணாம்ணே."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொந்தத் தம்பி கொண்டுவந்த பொருளுக்காக அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று எனக்குக் கோபமாக வந்தது. அவளோ முறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு ரெக்கார்டுக்காக இவ்வளவு சண்டையா என்றும் இருந்தது. ஆனால் அத்தையின் கண் கலங்கியதைப் பார்த்த பிறகு நான் அவள் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

அந்த இரைச்சலைப் போக்கிவிட்டால் அப்பா வாயடைத்துப் போவார் என்பது என் திட்டம். அத்தை கொழுந்துக்குப் போகாத நாட்களில், அப்பா வேலைக்குப் போனதும் அவளை நச்சரிப்பேன். இருவரும் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, அன்னங்களை ஒற்றி ஒற்றித் துடைத்து, நிழலில் காயவைப்போம். அத்தை கோடுகளின் போக்கிலேயே, ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைப்பாள். மாலையில் அப்பாவைக் கெஞ்சி அதைப் போடவைப்பேன். தூறல் அப்படியே இருக்கும்.

"கொஞ்சம் கொறஞ்சிருக்குல்ல அத்தை?" என்று கேட்பேன்.

"ரொம்பக் கொறஞ்சிருக்கு பாப்பா" என்பாள் அவள், அப்பாவைப் பார்க்காமல்.

அப்பா கடைசியில் பிரிஞ்சாங் பட்டணத்துக்குப் போய்வந்தார். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயிடம் நிறைய ரெக்கார்டுகள் உண்டு. அவரிடமிருந்து அதே பாட்டின் கறுப்புத் தட்டை இரவல் வாங்கிவந்தார். பாய் விஷயத்தையும் விளக்கி அனுப்பியிருந்தார். "நடுவுல படத்த வெச்சு, மேல லேசா ஒரு தகடு ஒட்டுறாங்களாம். பாட்டு அந்தத் தகட்டுல இருக்காம். எவ்வளவு தொடச்சாலும் போவாதுலா" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். எங்கள் துடைப்பு வேலை அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அடுத்து மாமா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றும் தொழிற்சாலை ஓடியது, அப்பாவுக்கு மட்டும் ஓய்வு. மதியத்திலேயே பனி இறங்கி, எதிர்லயம் தெரியவில்லை. அப்பா அவரைப் பெட்டிக்கு எதிரே உட்காரவைத்தார். முதலில் கறுப்புத் தட்டைப் போட்டார். பாடியவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தபலாவில் விரல் விழுவது தனித்தனியாகக் கேட்டது. பிறகு அன்னப்பறவையைப் போட்டார். அதே பாட்டு, அதே தூறல்.

"என்ன சொல்றே?" என்றார் அப்பா.

பெட்டி பழசு, ஊசி தேய்ந்துவிட்டது, மின்சாரம் சரியில்லை என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் நான் மாமாவுக்காக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாதா தட்டுதான் நல்லாருக்கு மச்சான்" என்றார் மாமா. "அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

"வாங்குறப்ப தெரியலையா?"

"கடையில போட்டுக் கேக்கல. படத்தப் பாத்தேன். இதப் பாத்தா சந்தோஷப்படுவாங்கன்னு தோணுச்சு, வாங்கிட்டேன்."

"யாரு சந்தோஷப்படுவாங்க?"

பாட்டு முடிந்து ஊசி கடைசி வட்டத்திலேயே டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதை எடுக்கவில்லை. மாமாவின் கன்னம் சிவந்துவிட்டது. ஆனால் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஒங்க தங்கச்சி."

எனக்கும்தான் அந்தப் படம் பிடித்திருந்தது. என்னைச் சொல்லவில்லையே என்று சின்ன வருத்தம் வந்தது.

அப்பா ஊசியைத் தூக்கிவைத்தார். அன்னப்பறவைத் தட்டை எடுத்து மஞ்சள் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து உறையில் போட்டு, மாமாவிடம் கொடுக்காமல் தன் ரெக்கார்டுகளோடு சேர்த்து வைத்தார். அம்மாவைப் பார்த்து, "ஒன் தம்பிக்குச் சாக்குச் சொல்ல வராது போல. தேத்தண்ணி போடு" என்றார். அம்மா எழுந்த வேகத்தில் மடியிலிருந்த முறம் கவிழ்ந்தது.

அதன்பிறகு அவர்கள் ரெக்கார்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஜொகூரில் வாடகை வீடு கிடைக்குமா, தண்ணீர் வசதி எப்படி, பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா கொட்டாங்குச்சிபோல் கையைக் குவித்து முழங்காலில் வைத்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அந்த வாரமே வேண்டாம் என்று சொல்லித் திரிங்காப்புக்கு ஆள் போனது. தை மாதம் அத்தை மலையை விட்டு இறங்கினாள். திருமணத்துக்குக் கறுப்பு, அன்னப்பறவை இரண்டு ரெக்கார்டும் போட்டார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் போட்டியில் கறுப்புத் தட்டு ஜெயித்துவிட்டது என்பதும், அதை மாமாவே தன் வாயால் ஒத்துக்கொண்டுவிட்டார் என்பதும்தான். ஆத்திரமும் அழுகையுமாகச் சமையற்கட்டுக்கு ஓடினேன். அத்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. பாவம், அவளும் அழுகிறாள் என்று நினைத்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"தோத்துட்டோம் அத்தை" என்றேன்.

"ஆமா பாப்பா, தோத்துட்டோம்" என்று அவள் திரும்பினாள். தோற்றுப்போனவர்கள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.