டீசல் மேடமும் பிரேக் லைனிங் கணக்கும்

டெப்போவில் டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. மாதம் பிறந்து ஐந்தாறு நாளில் அதில் ஒரு நீளத் தாளை ஒட்டுவார்கள். போன மாதம் எந்த டிரைவர் ஒரு லிட்டர் டீசலில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்பது அதில் பெயர் வாரியாக இருக்கும். கேஎம்பிஎல் பட்டியல் என்போம். மேலே உள்ள பத்துப் பெயர் பச்சையில், கீழே உள்ள பத்துப் பெயர் சிவப்பில். நான் மலை வண்டிக்கு மாறிய அடுத்த மாதம், காலை டூட்டிக்கு வந்தவன் சாப்பாட்டுப் பையோடு அந்தப் பலகை முன்னால் நின்றேன். என் பெயரை மேலிருந்து தேடிக்கொண்டே வந்து கடைசிக்கு இரண்டு வரி மேலே கண்டேன். பின்னால் நின்ற கண்டக்டர் ஒருவர், "ஏனுங்க, டீசலை வண்டிக்கு ஊத்தறீங்களா, ரோட்டுக்கு ஊத்தறீங்களா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பெரியவள் வேலைக்குச் சேர்ந்த கம்ப்யூட்டர் கம்பெனியில் பள்ளிக்கூடங்களுக்குத் தரவரிசை போடுகிறார்களாம். எந்தப் பள்ளி முன்னால், எந்த வாத்தியார் பின்னால் என்று திரையில் பச்சையும் சிவப்புமாகக் காட்டும் வேலை என்று போன வாரம் சொன்னாள். கேட்டதும் எனக்கு டீசல் மேடத்தின் ஞாபகம் வந்தது. பத்தாவதுக்கு மேல் படிக்காத நான் கம்ப்யூட்டரைப் பற்றி உங்கள் இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. பட்டியலின் கீழ்வரியில் நின்றவன் என்ற முறையில்தான் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை தராத பகுதிதான் அதிகம். அதையும் விடாமல் படியுங்கள்.

டீசல் மேடம் என்பது நாங்கள் வைத்த பெயர். தினமும் ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை லிட்டர் நிரப்பினார்கள் என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை எடுப்பவர் அவர். என் வயதுதான் இருக்கும். தேவைக்கு மேல் பேசமாட்டார். பங்க்கில் கிறுக்கி அனுப்பும் சீட்டில் ஒரு எண் தெளிவில்லை என்றால் தானாக ஒன்றைப் போட்டுக்கொள்ள மாட்டார். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் பங்க் வரைக்கும் நடந்து வந்து, "இது ஏழுங்களா, ஒண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். எண்ணில் என்ன இருக்கிறது என்று நினைத்த காலம்.

ஆழியாற்றில் ஆரம்பித்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட் ஆட்கள், அரிசி மூட்டை, காய்கறிக் கூடை என்று நெருக்கியடித்துக்கொண்டு ஏறும் வண்டி, இரண்டாம் கியரில் அழுதுகொண்டேதான் மலையேறும். அதே பட்டியலில்தான் சமதளத்தில் கோயம்புத்தூருக்குப் போய்வரும் வண்டிகளும் இருந்தன. இது எப்படிச் சரியாகும் என்று மேனேஜரிடம் கேட்டோம். கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பில் இருந்தால் மெமோ வரும், நிலையான வழித்தடம் போய்விடும். அப்புறம் எந்த ஊருக்குப் போகிறோம், என்றைக்கு வீட்டுக்கு வருகிறோம் என்பது நம் கையில் இல்லை. அப்போது உங்களில் ஒருத்தி ஏழாவது, ஒருவன் ஐந்தாவது.

வழி சொன்னவர் உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன். அவரும் அதே டெப்போவில் மலை வண்டிதான் ஓட்டினார், ஆனால் பச்சையில் இருந்தார். "எறக்கத்துல எதுக்கு மாப்ளை இன்ஜின்? வண்டி தானா எறங்குது. நியூட்ரல்ல போட்டு அமத்திப்போடு" என்றார். இதில் என்ன ஆபத்து என்பது லைசென்ஸ் எடுத்த எவனுக்கும் தெரியும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பாதி கியர், பாதி பிரேக். நியூட்ரலில் கியரின் பிடி போய்விடும். பஸ்ஸின் பிரேக் காற்றில் வேலை செய்வது. அந்தக் காற்றை நிரப்புவது இன்ஜின். இன்ஜினை அமர்த்திவிட்டால், டாங்கில் மிச்சமிருக்கும் காற்றை நம்பித்தான் அத்தனை உயிரும் இறங்குகிறது.

தெரிந்தேதான் செய்தேன். முதல் நாள் வளைவுக்கு வளைவு காற்று மீட்டரின் முள்ளையே பார்த்தேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இன்ஜின் சத்தம் நின்றதும் வண்டிக்குள் ஓர் அமைதி வரும். பின்னால் யாரோ பேசிக்கொண்டிருக்கும் மெல்லிய சத்தம், வளையல் சத்தம், காட்டில் பூச்சி கத்துவது எல்லாம் கேட்கும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டே மாதத்தில் சிவப்பிலிருந்து வெளியே வந்தேன். நாலாவது மாதம் பச்சை. மேனேஜர் எல்லார் முன்னாலும் எனக்கு ஓர் எவர்சில்வர் தூக்குப்போசி கொடுத்துக் கைகுலுக்கினார்.

அந்த வாரம் டீசல் மேடம் ஆள்விட்டுக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இது உங்க டீசலுங்க. நாலு மாசமா மிச்சமாகுது. இது ஸ்டோர்ஸ்ல இருந்து உங்க வண்டிக்குப் போன பிரேக் லைனிங். அதே நாலு மாசமா சீக்கிரம் தேயுது. ரெண்டு கணக்கும் வேற வேற ரூம்ல இருந்துச்சு. நான் பக்கத்துல வெச்சுப் பாத்தேன், அவ்வளவுதானுங்க."

லைனிங் என்பது சக்கரத்துக்குள் இருந்து பிடித்து நிறுத்தும் கட்டை. கியர் செய்யாத வேலையையும் சேர்த்துச் செய்ததால் அது தேய்ந்திருந்தது. மழை, ரோடு சரியில்லை, லோடு அதிகம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். நான் முடித்த பிறகு அவர் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை உங்க வண்டில நான் வந்தேனுங்க. கடைசி சீட்டு. பக்கத்துல எஸ்டேட்டுப் பொண்ணு ஒண்ணு கைக்கொழந்தையோட உக்காந்திருந்துச்சு. இன்ஜின் நின்னதுக்கப்புறம் அந்தக் கொழந்தை மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சுங்க."

என்மேல் புகார் எழுதும் எண்ணம் இல்லை என்றார். என்னோடு சேர்த்து மூன்று டிரைவர்களின் கணக்கு இப்படி இருக்கிறது, தப்பு பட்டியலில்தான் இருக்கிறது, டீசலை மட்டும் அளந்தால் மற்றதெல்லாம் தேயத்தான் செய்யும், லைனிங் கணக்கையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார். ஆனால் வண்டி ஓட்டுகிறவர் ஒருவராவது ஆமாம் என்று கையெழுத்துப் போட்டால்தான் மேலே நம்புவார்கள். போடுவீர்களா என்று கேட்டார்.

"எனக்கு ரெண்டு கொழந்தைங்க மேடம்" என்றேன்.

அவர் அந்த இரண்டு தாள்களையும் ஒன்றாக அடுக்கினார். "சரிங்க. டூட்டிக்கு நேரமாச்சு, போங்க" என்றார்.

என் கையெழுத்து இல்லாமலேயே அவர் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அறையில் பேசியது வராந்தா வரைக்கும் கேட்டது. மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்களே, பெயர் எங்கே என்று மேனேஜர் கத்தினார். "பேரக் குடுத்தா மூணு பேரோட முடிஞ்சுருமுங்க" என்று மேடம் சொன்னதும் கேட்டது. எத்தனை தடவை கேட்டும் பெயரைச் சொல்லவில்லை. சில வாரத்தில் அவருக்குத் தாராபுரம் டெப்போவுக்கு மாற்றல் வந்தது. நிர்வாகக் காரணம் என்று போட்டிருந்தார்கள். அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியபோது நான் என் வண்டிக்குப் பின்னால் குனிந்து டயரைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிய பிறகுதான் எழுந்தேன்.

அவர் கூப்பிட்டுப் பேசிய நாளிலிருந்து இறக்கத்தில் நான் இன்ஜினை அமர்த்தவில்லை. மறுபடி சிவப்புக்கு வந்தேன். மூன்றாவது மாதம் மெமோ வந்தது. கேஎம்பிஎல் ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, முன்னால் ஏன் கூடியது என்று எழுதினேன். எழுத்துப் பிழை பார்க்க உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "எங்கண்ணன் பேரு இதுல இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். தாளை மடித்துக் கையில் கொடுத்தாள்.

எனக்கு ஒரு மாதம் சஸ்பெண்ட். அந்த மாதம் அப்பாவுக்கு இடுப்பு வலி என்று உங்களிடம் சொல்லியிருந்தோம். பிறகு டவுன் பஸ்ஸில் போட்டார்கள். தனி ஆளின் தப்பு என்று மேனேஜர் ஃபைலை மூடினாலும், கடிதம் தலைமை அலுவலகம் வரைக்கும் போயிருக்கிறது. மலை வண்டிகளுக்குத் தனிப் பட்டியல் போட உத்தரவு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை மேடத்திடம் நேரில் சொல்லவேண்டும் என்று ஒரு லீவு நாளில் தாராபுரம் போனேன்.

அங்கேயும் அவர் ஒரு கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். நான் கடிதம் கொடுத்ததையும் தனிப் பட்டியல் வந்ததையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதை மறைக்கவில்லை.

"லைனிங் கணக்கச் சேத்தாங்களாங்க?"

"இல்லீங்க."

"அப்ப இனி மலை வண்டிக்காரங்க அவங்களுக்குள்ள போட்டி போடுவாங்க. மத்த ரெண்டு பேரும் இன்னும் அமத்தறாங்களா?"

ஒருவர் ரிட்டயர் ஆகிவிட்டார் என்றேன். இன்னொருவர் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் என் முகத்தைப் பார்த்தார். அந்த இன்னொருவர் என் மச்சான் என்பது அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. புதுப் பட்டியலில் முதல் பெயர் மச்சானுடையது. அதைப் பார்த்த நாளில், நல்லவேளை, நான் அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் ஆட்களைப் பற்றி நினைக்கவே இல்லை. மேடத்துக்கு முதலில் தோன்றியது அவர்கள்தான். மாற்றல் வாங்கி இத்தனை தூரம் வந்த பிறகும் அவர்கள்தான்.

அன்று சாயங்காலம் நம் வீட்டுக்கு வராமல் நேராக உங்கள் மாமா வீட்டுக்குப் போனேன். அடுத்த மாதமும் உங்கள் பெயர் மேலே இருந்தால் நானே பேர் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "சிவப்புல கெடந்தவனுக்குப் பச்சையப் பாத்தா எரியத்தான் செய்யும், மாப்ளை. போயிட்டு வாங்க" என்றார். அதுவரைக்கும் என்னை வா, போ என்று பேசியவர் அவர்.

பெரியவளே, உன் மஞ்சள் நீராட்டுச் சீருக்குத் தாய்மாமன் ஏன் வரவில்லை என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள், நான் பேச்சை மாற்றிவிடுவேன். காரணம் இதுதான். மாமன் செய்யவேண்டிய முறையையெல்லாம் அம்மா வழிப் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை நிறுத்திச் செய்தோம். உன் அம்மா அன்று சிரித்த முகமாகவே நின்றாள். அந்தக் கணக்கை நான் யாரிடமும் காட்ட முடியாது. நீ திரையில் ஒரு பெயருக்குச் சிவப்பு வைக்கும்போது அந்த ஆள் எதைத் தேய்த்து மேலே வரப்போகிறார் என்று ஒரு தடவை கேள். முடிந்தால் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்.

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் மாமாவிடம் பேசிவிட்டு வந்ததற்கு அடுத்த மாதம் பட்டியல் ஒட்டிய அன்று, டவுன் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நேராகப் பலகைக்குப் போனேன். மலை வண்டிப் பட்டியலில் அவர் பெயரை மேலிருந்து தேடினேன். முதல் வரியில் இல்லை. நடுவிலும் இல்லை. கடைசி வரியில், சிவப்பில் இருந்தது. விரலை அதன்மேல் வைத்து இன்னொரு தடவை படித்தேன். பக்கத்தில் ஒரு டிரைவர், "உங்க மச்சான் இப்பிடி உழுந்துட்டாரேங்க" என்று வருத்தப்பட்டார். ஆமாங்க என்றேன். கண் கலங்கியது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.