மதினி சொல்ல மறுத்த பெயர்

எங்கள் மதினி மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தார். இந்த நினைவு மலரில் அவர் பிறந்த ஊரைப் போடாமல் விட்டுவிடலாமே என்று உறவில் இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். 'பாளையங்கோட்டைக் குடும்பத்து மருமகள்' என்று தொடங்கினால் போதுமாம். இன்னொருவர் அவருடைய தொழிலை விட்டுவிட்டு 'அன்பான இல்லத்தரசி' என்று எழுதச் சொன்னார். நான் அமெரிக்காவுக்கு வருமுன் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். இறந்தவரின் ஊர், தொழில், இறப்புக்கான காரணம் மூன்றும் இல்லாமல் இரங்கல் செய்தி எழுதிக் கொடுத்தால் எங்கள் செய்தி ஆசிரியர் தாளை என் மேசைக்கே திருப்பி எறிவார். ஆகவே மூன்றையும் எழுதுகிறேன். மதினி ஈப்போவில் பிறந்தார். பெண்களின் மாதவிடாய்த் தொல்லைகளுக்கும் கர்ப்பப்பைத் தொல்லைகளுக்கும் சீன மூலிகை மருத்துவம் பார்த்தார். சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். இந்தச் சொற்களைப் படிக்கக் கூசுகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். நான் எழுதக் கூசவில்லை.

அவரும் கூசியதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா ஈப்போவில் சீன மருந்துக் கடை வைத்திருந்தார். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் அங்கே மருந்துக்கு வருவார்கள். தங்கள் உபாதையை ஓர் ஆண்பிள்ளையிடம் நேரே சொல்ல அவர்களுக்கு வாய் வராது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை ஓரமாக அழைத்துச் சொல்வார்கள். மகள் அதை அப்பாவிடம் சீனத்தில் சொல்வார். இப்படித்தான் மதினிக்குத் தமிழ் வந்தது. நம் மொழியில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சொற்கள் தீட்டு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. நாம் குரலைத் தாழ்த்தி விழுங்கும் சொற்களை அவர் மற்றச் சொற்களைப் போலவே உரக்கச் சொன்னார். தாழ்த்திச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

கலிஃபோர்னியாவுக்கு வந்து சீன மருத்துவம் படித்து, மாநிலத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, ஃப்ரீமான்ட்டில் மௌரி அவென்யூவை ஒட்டி ஒரு சிறிய அறையில் கிளினிக் தொடங்கினார். சன்னிவேலில் பொறியாளராக இருந்த என் அண்ணன் கழுத்து வலிக்கு அவரிடம் அக்குபங்சர் ஊசி குத்திக்கொள்ளப் போனார். திருமணச் செய்தி பாளையங்கோட்டைக்கு வந்ததும் எங்கள் சித்தப்பா, "நம்ம குடும்பத்துல கழுத்த நீட்டுன மொத ஆம்பள இவந்தான்" என்றார். வீட்டில் அழுதவர்களும் அதற்குச் சிரித்தார்கள். மதினி பேச்சுக்குப் பேச்சு மலேசிய 'லா' போடுவார். எங்கள் நெல்லைப் பேச்சிலும் ஒரு 'லா' உண்டு. அந்த ஒரே எழுத்தில் பாதிப் பேரை அவர் வளைத்துவிட்டார். மீதிப் பேர் கடைசிவரை வளையவில்லை.

அந்த அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. நம் பெண்கள் காரை அடுத்த பிளாசாவில் இந்திய மளிகைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு, கையில் ஒரு காய்கறிப் பையோடு நடந்து வருவார்கள். தெரிந்தவர் எதிரில் வந்தால் பையைக் காட்டலாம். மதினிக்கு இது தீராத வேடிக்கை. "என் மருந்துக்கு வெண்டைக்காய் ஃப்ரீன்னு போர்டு வைக்கப் போறேன் லா" என்பார்.

அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவருடைய ஒரே மகள் போனில் சொன்னாள்: "டோன்ட் மேக் ஹெர் எ செயின்ட், அத்தை." ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். மதினிக்கு முன்கோபம் உண்டு. மூலிகைகளை ஊறவைத்து, சிறு தீயில் பொறுமையாகக் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புவார். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் வந்து, "டைமே இல்ல டாக்டர். மார்னிங் மீட்டிங் இருந்துச்சு. குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டுட்டேன்" என்றாள்.

"மூணு விசிலா? பருப்பா லா அது? தாளிச்சுக் கொட்டினியா, இல்ல அதுக்கும் டைம் இல்லையா?"

அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மதினி மறுபடி மருந்து கட்டிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அவரிடம் ஒரு விதி இருந்தது. மகப்பேறு மருத்துவரைப் பார்க்காமல் வருகிறவருக்கு அவர் மருந்து கட்ட மாட்டார். நாற்காலியில் உட்காரும் முன்பே, "அல்ட்ராசவுண்ட் எடுத்தாச்சா? என்ன சொன்னாங்க?" என்பார். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆன ஓர் அம்மாள், திரும்பவும் இரத்தம் வருகிறது, வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏதாவது கசாயம் கொடுங்கள் என்று வந்தார். "நின்னதுக்கு அப்பறம் வந்தா எங்கிட்ட வரக் கூடாது. இங்க உக்காந்து இப்பவே உங்க டாக்டருக்குப் போன் போடுங்க" என்று சொல்லி, அவர் எண்ணை அழுத்தி முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

நான் சந்தேகப் பிராணி. இந்த மருந்துகளுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். "சிலதுக்குக் கொஞ்சம் இருக்கு. சிலதுக்கு இல்ல. சரியாயிடும்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வலி குறையுதான்னு பாப்போம்னு சொல்லுவேன். குறையலன்னா நிறுத்துவேன்" என்றார். பல மருத்துவர்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னவர்கள் குறைவு.

இனி, இந்த மலரில் வரக் கூடாது என்று பலரும் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

சித்தப்பா மகள் சுமதி சன்னிவேலில் இருக்கிறாள். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மகப்பேறு மருத்துவரிடம் காட்டியிருந்தாள். ஆபத்தான கட்டி இல்லை. ஆனால் மாதாமாதம் எழுந்து நிற்க முடியாத வலி. அந்த வலிக்கு, மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டு, மதினி மருந்து கட்டிக் கொடுத்தார். அதில் இலவங்கப்பட்டைக் குச்சி, பியோனி வேர், டாங் குவாய் என்ற வேர் எல்லாம் உண்டு. கட்டி இருப்பதைச் சுமதி கணவரிடம் சொல்லவில்லை. கூடவே இருந்த மாமியாருக்குத் தெரிந்தால் 'குழந்தை தங்காத வயிறு' என்ற பேச்சு வரும் என்று பயம். வீட்டில் சளிக் கசாயம் என்று சொல்லிவைத்தாள். காலையில் மாமியார் நடக்கப் போகும் நேரத்தில் ஒரு பங்கைக் குடிப்பாள். மாலைப் பங்கு பெரும்பாலும் பிளாஸ்கிலேயே கிடக்கும்.

அந்தச் சமயத்தில் சித்தி, அதாவது சுமதியின் அம்மா, பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். இதயத்தில் வால்வு மாற்றியவர். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். டாங் குவாய் வேரும் அந்த மாத்திரையும் சேரக் கூடாது. மதினி தன் அறைச் சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்த முதல் எச்சரிக்கையே அதுதான். சித்தி அந்த அறைக்குப் போனதே இல்லை. பிளாஸ்கில் கிடந்த கசாயத்தைக் கண்டார். நல்ல மருந்து வீணாகப் போகிறதே என்று தினமும் மாலையில் எடுத்துக் குடித்தார். நம் வீடுகளில் ஒருவருக்குக் கேட்ட மருந்து எல்லோருக்கும் கேட்கும் என்பது நம்பிக்கை. மதினியின் மருத்துவத்தில் ஒருத்தியின் மருந்து அவளுக்கு மட்டும்தான்.

சித்திக்கு மூக்கில் இரத்தம் வந்தது, நிற்கவில்லை. அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மூலிகை ஏதாவது சாப்பிட்டாரா என்று மருத்துவர் கேட்டார். சுமதிக்கு ஒரு பக்கம் கணவர், மறு பக்கம் மாமியார். "எங்க மதினி சைனீஸ் ஹெர்பல் டாக்டர். அவங்க குடுத்த மருந்த அம்மா குடிச்சாங்க" என்றாள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொன்ன செய்தி பொய்.

சித்தி பிழைத்தார், இன்றும் நலமாக இருக்கிறார். மருந்துதான் காரணம் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. அதுவும் சேர்ந்திருக்கலாம் என்றார்கள். ஆனால் குடும்ப வாட்ஸப் குழுவில் தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது. 'சைனாக்காரி கெழவிக்கு என்னத்தையோ கலக்கிக் குடுத்துட்டா' என்று ஒரு குரல் பதிவு டெக்சாஸ் வரைக்கும் போனது. அங்கே ரிச்சர்ட்சன் நகரிலிருந்து ஓர் உறவினர் என்னைக் கூப்பிட்டு, "உங்க மதினி கடைய மூடச் சொல்லுங்க" என்றார். மகளிர் தினக் கூட்டத்தில் பேச மதினியை அழைத்திருந்தவர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். வெண்டைக்காய்ப் பைகள் நின்றுபோயின. மூன்று நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன.

அண்ணன் கெஞ்சினார். "நீ சித்திக்கு மருந்து குடுக்கலன்னு எனக்குத் தெரியும். அப்ப அது யாருக்குக் குடுத்தது? அந்தப் பேர மட்டும் சொல்லு. எல்லாரும் வாய மூடிருவாங்க."

"சொல்ல மாட்டேன்."

"உன் பேரு கெட்டுப்போவுதே!"

"கெடட்டும் லா. என் பேருதானே."

நானும் அங்கே இருந்தேன். கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். என்னென்னவோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை.

நோய் வந்தபோது பேச்சு இன்னொரு சுற்று சுற்றியது. 'ஊருக்கெல்லாம் வைத்தியம் பாத்தவளுக்குத் தன் வயித்துல இருந்தது தெரியலியே' என்றார்கள். இதய மருத்துவருக்கு மாரடைப்பு வந்தால் யாரும் இதய மருத்துவத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மதினி தாமதம் செய்யவில்லை. வயிறு உப்பிய உடனே மருத்துவரிடம் போனார், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், கீமோ எடுத்துக்கொண்டார். அந்த நோய் அப்படித்தான் ஒளிந்துகொண்டு வளரும் என்று அவருடைய மருத்துவரே எங்களிடம் சொன்னார். உங்கள் கசாயத்தை நீங்கள் ஏன் குடிக்கவில்லை என்று நான் கேட்டேன். "கீமோவோட எது எப்படிச் சேரும்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியாததைக் குடிக்கக் கூடாது" என்றார். தன் மருத்துவத்தின் எல்லை எது என்று அவருக்குத் தெரிந்த அளவு அதைத் திட்டியவர்களுக்கும் தெரியாது, தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களுக்கும் தெரியாது.

கடைசி வாரங்களில் வீட்டு வரவேற்பறையில் கட்டில் போட்டிருந்தோம். ஒரு நாள் பிற்பகல் சுமதி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே வந்து நின்று, "மதினி, அம்மா குடிச்சது என் மருந்து" என்றாள். நான் அங்கே இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் மதினி. "டாங் குவாய் போட்டு அந்த மாசம் உனக்கு மட்டும்தான் கட்டினேன்."

"பொறவு ஏன் மதினி சொல்லல? எல்லாரும் உங்கள அவ்வளவு பேசுனாவளே!"

"நீ எங்கிட்ட வந்தப்போ கதவைச் சாத்திட்டுத்தானே கேட்டேன்? சாத்தின கதவு சாத்தினதுதான் லா."

சுமதி அழுதாள். "இப்பமாவது நான் எல்லாருக்கும் சொல்லிருதேன்."

"அது உன் வயிறு, உன் வாய். எங்கிட்ட பர்மிஷன் கேக்காத." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "கட்டி இப்ப எவ்ளோ இருக்கு? இந்த வருஷம் ஸ்கேன் எடுத்தியா?"

சுமதி எடுக்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே மதினி அவளைத் திட்டினார். நான் கேட்க அவர் யாரையேனும் திட்டியது அதுவே கடைசி.

இந்த ஓராண்டு நினைவு நாளில் நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசிவரை வீட்டுக்கே வந்து பார்த்த ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்புச் செவிலியருக்கு நன்றி. முறை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சோறு கொண்டுவந்த ஃப்ரீமான்ட் தோழிகளுக்கு நன்றி. வெண்டைக்காய் வாங்கிய சாக்கில் கார் நிறுத்தியவர்களை ஒருநாளும் விரட்டாத மளிகைக் கடைக்காரருக்கு நன்றி. இறுதிச் சடங்குக்கு வந்து, எப்படிப் பழக்கம் என்று கேட்டபோது 'சும்மா தெரியும்' என்று மட்டும் சொல்லி, மற்றவர்கள் போன பிறகும் பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த பெண்களுக்கும் நன்றி. உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. மதினி எனக்குச் சொல்லவில்லை.

சித்திக்கும் நன்றி. கட்டுரையைப் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "ஏட்டி, குடிச்சது நாந்தான்னு நல்லாப் போடு. டாலர் குடுத்து வாங்குன மருந்த சிங்க்ல ஊத்தவா சொல்லுத? ஆனா மூட்டு வலி கொறஞ்சிதுன்னும் போடு" என்றார். இதற்கு ஆதாரம் இல்லை. மதினி இருந்திருந்தால் போட விட்டிருக்க மாட்டார்.

கடைசியாக, சுமதிக்கு. நான் எழுதி அவளுக்கு அனுப்பிய படியில் 'உறவுக்காரப் பெண் ஒருத்தி' என்றுதான் இருந்தது. எந்த ஊர் என்றும் இல்லை, யாருடைய மகள் என்றும் இல்லை. மதினி சாத்திய கதவைத் திறக்க எனக்கு உரிமை கிடையாது. மறுநாள் படி திரும்பி வந்தது. 'உறவுக்காரப் பெண் ஒருத்தி' இருந்த இடங்களிலெல்லாம் அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருந்தாள். சன்னிவேல் என்பதும், சித்தப்பா மகள் என்பதும் அவள் சேர்த்தவை.

போன் போட்டேன். "வீட்டுல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க்கா. அவரு கொஞ்ச நாளு பேசல. பொறவு, வலி இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"உங்க மாமியாருக்கும் இந்த மலர் போகும்."

"போகும்லா? போகட்டும்."

இத்தனை ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்தியே சம்பளம் வாங்கியவள் நான். அவள் திருத்தியதில் ஓர் எழுத்தையும் தொடாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.