அக்காவின் ஐந்தரை மணி

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று சபையார் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் தவறிப்போனார் என்போம். இரண்டில் எதை எழுதுவது என்பதிலேயே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது.

இந்த நினைவு மலருக்குக் குடும்பத்தின் சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று அத்தான் கேட்டபோது, மகள் எஸ்தரை எழுதச் சொல்லுங்கள் என்றேன். "அவளுக்கு அம்மாவாத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் ஒனக்குத்தானே தெரியும், நீயே எழுதும்மா" என்றார். நான் அக்கா கும்பிட்ட தெய்வத்தைக் கும்பிடுகிறவள் அல்ல. எழுமலையில் அங்கன்வாடி வேலை பார்க்கிறேன். ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவள். சபையில் பழகிய சொற்கள் எனக்குச் சரியாக வராது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா எழுமலையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். சொந்த நிலமின்றி, பிறர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினேழு வயதில் மதுரை செல்லூரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய், ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலையில் சேர்ந்தார். நான் பன்னிரண்டாவது வரை படித்தது அந்த வேலையால்தான். அதே கூடத்தில் தறி பழுது பார்த்தவர் அத்தான். அவர் கிறிஸ்தவர். அக்கா ஞானஸ்நானம் பெற்று, சபைக் கோயிலில் மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டபோது அப்பா போகவில்லை. என்னையும் அம்மாவையும் போக விடவில்லை. நான்கு வருடம் அக்கா பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றிருந்தது.

பிறகு அப்பாவுக்குக் கண்ணில் புரை வந்தது. அறுவைக்கு மதுரைக்குப் போனவர் வேறு வழியின்றி அக்கா வீட்டில் பத்து நாள் தங்கினார். திரும்பி வந்ததும் அம்மாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "பெரியவளுக்கு ஒடம்புக்கு ஏதோ சரியில்ல போல. காலங்காத்தால மாடிப்படியில கண்ண மூடிக்கிட்டு உக்காந்துருக்கு. என்னன்னு கேளு."

அம்மா கேட்டதற்கு அக்கா சிரித்துவிட்டு, ஜெபம் பண்ணுகிறேன் என்றாராம். அந்த ஜெப நேரத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியுமா என்று இரண்டு முறை முயன்று பார்த்தேன். முடியவில்லை.

செல்லூரில் அவர்கள் இருந்தது ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். மாமியார், கைக்குழந்தை, தண்ணீர்க் குடம், இரண்டு ஷிப்ட் வேலை. கிறிஸ்தவளான புதிதில் அக்காவுக்கு இருந்த பெரிய கவலை, கடவுளுக்கென்று தன்னிடம் ஒன்றுமே மிச்சம் இல்லையே என்பது. படுக்கும் முன் வேதாகமத்தைத் திறந்தால் அதன் மேலேயே தலை சாய்ந்து தூங்கிவிடுவாராம். சபை ஆயரிடம் போய், "அய்யா, எங்க வீட்ல சத்தமில்லாத நேரம்னு ஒண்ணு கெடையாது" என்று அழுதிருக்கிறார். "அப்பச் சத்தத்துக்குள்ளயே உக்காரும்மா" என்றாராம் அவர். அன்று முதல் காலை ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை மாடிப்படியில் உட்கார ஆரம்பித்தார். குழந்தை அழுதால் அத்தான் பார்க்க வேண்டும், தண்ணீர் வந்தால் மாமியார் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அந்த அரை மணி நேரத்தால் அக்கா சாந்த சொரூபியாகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆறு மணிக்கு எழுந்தால் ஆறு ஐந்துக்கு எஸ்தரைத் திட்டும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஒருமுறை நானே கேட்டேன்.

"ஏக்கா, இப்பத்தான சாமி கும்பிட்ட? அதுக்குள்ள இந்தக் கத்துக் கத்துற?"

"திட்டாம இருக்குறதுக்கா உக்காருறேன்? நேத்துத் திட்டுனவளே இன்னைக்கும் வந்து உக்காரணும்ல, அதுக்குத்தான்."

அதன் பொருள் எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் பாதிதான் விளங்குகிறது.

பின்னர் அவர்கள் ஒத்தக்கடைக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு கல்லூரி விடுதி மெஸ்ஸில் அக்கா சமையல் வேலைக்குச் சேர்ந்தார். மெஸ் மேற்பார்வையாளர் விடியும் முன்பே போன் செய்வார். இன்றைக்கு ஒருத்தி வரவில்லை, நீ சீக்கிரம் வா என்பார். மறுத்துப் பழக்கமில்லாத அக்கா எழுந்து ஓடிவிடுவார். இப்படியே மாதக் கணக்கில் ஜெப நேரம் போய்விட்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, ஐந்தரைக்குப் போனை அணைத்துவிட்டு ஆறு மணிக்குத் திறப்பது என்று வைத்துக்கொண்டார். எங்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லியும் இருந்தார்.

அப்பா காலமான பின் அம்மா என்னோடு இருந்தார். ஒருநாள் விடிகாலை அம்மாவுக்கு நெஞ்சு வலித்து வியர்த்துக் கொட்டியது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்குக் கிளம்பும்போது மணி ஐந்து நாற்பது. என் தோளில் சாய்ந்திருந்த அம்மா, "பெரியவளுக்குப் போனப் போடு, அவ சத்தத்தக் கேக்கணும்" என்றார். போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மீண்டும் மீண்டும் போட்டேன். அத்தான் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார்; அவர் எண்ணும் கிடைக்கவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன்பு, ஆட்டோவிலேயே அம்மாவின் உயிர் பிரிந்தது. ஆறு மணிக்கு அக்காவே அழைத்தார்.

போனை அக்கா எடுத்திருந்தாலும் ஒத்தக்கடையிலிருந்து வந்து சேர்ந்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் குரல் வந்து சேர்ந்திருக்கும்.

அன்று எழவு வீட்டில் அத்தனை சனத்துக்கு முன்னால் நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன்: "ஒஞ் சாமிக்கு அரை மணி நேரம் இருந்துச்சு. பெத்தவளுக்கு ஒரு நிமிசம் இல்லாமப் போச்சுல்ல?" கூட்டத்தில் யாரோ என் வாயைப் பொத்தினார்கள். அக்கா கருமாதிக்கும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன்பின் எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை ஐந்து முப்பத்தைந்துக்கு நான் அக்காவின் எண்ணை அழுத்தினேன். சமாதானம் பேச அல்ல. இன்னும் அணைத்துத்தான் வைத்திருக்கிறாளா என்று பார்த்து, என் கோபத்தை உறுதி செய்துகொள்ளத்தான். முதல் மணி முழுதாக அடிக்கும் முன்பே, "சொல்லுடி" என்று அக்கா குரல் வந்தது. நான் துண்டித்துவிட்டேன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அழைத்தேன். "சொல்லுடி." மறுபடி துண்டித்தேன். மூன்றாம் நாள், "கட் பண்ணாத. ராத்திரி என்ன சாப்ட்ட?" என்றார். கம்பங்கூழ் என்றேன். "தொட்டுக்க?" மோர் மிளகாய் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அதிலிருந்து மூன்று ஆண்டுகள், அநேகமாகத் தினமும், ஐந்தரை மணியைத் தாண்டியதும் நான் அழைத்தேன். சபையார் என்னைத் தப்பாக நினைத்தாலும் உண்மையை எழுதுகிறேன். முதலில் பல மாதம், அந்த நேரத்தை அக்காவிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்றேதான் அழைத்தேன். அம்மாவுக்குக் கிடைக்காததை நான் எடுத்துக்கொள்வது போல. அங்கன்வாடியில் முட்டை வந்ததா, எந்தப் பிள்ளைக்குச் சளி, பக்கத்து வீட்டு ஆடு எத்தனை குட்டி போட்டது என்று வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பேசுவேன். அக்கா எல்லாவற்றையும் கேட்பார். ஒருநாள்கூட, அப்புறம் பேசு என்று சொன்னதில்லை. எப்போது என் கோபம் போனது, எப்போது பேச்சு வெறும் பேச்சாக மாறியது என்று நினைத்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

"சித்தி, அம்மா ஜெபத்துக்கு உக்காரும்போது போன மடியிலயே வச்சிருக்கும். சவுண்ட முழுசா வச்சிருக்கும்" என்று எஸ்தர் ஒருமுறை சொன்னாள். அத்தானுக்கு இதில் வருத்தம் இருந்தது. என் எதிரிலேயே கேட்டார்.

"ஆறு மணிக்கு மேல பேசச் சொன்னா அவ என்ன கோவிச்சுக்கவா போறா? கர்த்தரோட நேரத்துல ஊர்க்கத எதுக்கு?"

அக்கா, "அவ கூப்புடுற நேரம் இதுதாங்க" என்று மட்டும் சொன்னார். அத்தான் விடாமல் ஆயரிடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் ஆயர். போன மாதம் அவரைப் பார்த்தபோது, என்ன யோசித்தீர்கள் அய்யா என்று நான் கேட்டேன். "இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது அத்தான் ஆயரிடம் கேட்டதற்கு அடுத்த வருடம். ஆறு மாதம் வைத்தியம் நடந்தது. விடுப்புப் போட்டுவிட்டு நான் வந்து உடன் இருந்தேன். மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, இனி போன் போடத் தேவையில்லை என்பதால் ஐந்தரைக்கு நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் அவர் கண் திறந்ததும் கேட்டுவிட்டேன்.

"அக்கா, மூணு வருசமா ஒஞ் சாமிகிட்டயிருந்து ஒன்னப் பிரிச்சுட்டேனா?"

"எனக்கும் தெரியலடி. மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. கண்ண மூடுனா ஒம் போன் வரும். பெறகு ஒன் போன் வராதான்னு இருந்துச்சு. ஆண்டவரே, இன்னைக்கும் அவ கூப்புடணும்னு ஜெபம் பண்ணுவேன், உடனே கூப்புடுவ. அப்பறம் ஒங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்போது, இது சாமிய விட்டுட்டுப் பேசுறதா, சாமியோடயே பேசுறதான்னு ஒண்ணும் புரியாமப் போச்சு."

"அப்ப எதுக்கு அஞ்சரைக்கே உக்காந்த?"

"உக்காந்தாத்தான ரெண்டு பேருல யாராச்சும் வருவீங்க."

அப்போதுதான் நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். ஆட்டோவில் அம்மா, பெரியவ எடுத்தாளா என்று கேட்டதையும், எடுத்துட்டா, கிளம்பி வந்துக்கிட்டு இருக்கா என்று நான் பொய் சொன்னதையும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் வாரேன்னு நெனச்சுக்கிட்டேதான் போச்சா?"

"ஆமா."

"நெசமாவா?"

"அம்மா மேல சத்தியமா."

அக்கா தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். சிறிது நேரம் கழித்து, "நல்ல வேல செஞ்சடி. எம்புட்டு நாளாச்சு, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். எழவு வீட்டில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நர்சம்மா ஊசி போட வந்துவிட்டார். பிறகு கேட்கவே இல்லை. அதை இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னபின், ஒத்தக்கடை வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தார். பதினோராம் நாள் மாலை என்னிடம் கடைசியாகக் கேட்டது, "பாலுக்கு உறை ஊத்துனியா?" என்பதுதான். மறுநாள் முற்பகல், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அமைதியாகப் போய்விட்டார். நான் கடைக்கு இளநீர் வாங்கப் போயிருந்தேன். அம்மாவுக்கு அக்கா இல்லை, அக்காவுக்கு நான் இல்லை. இதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று அவர் தெய்வத்திடம் கேட்கத் தோன்றுகிறது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்த மெஸ் சகோதரிகளுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வண்டியோடு வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்துக்கு எழுமலையிலிருந்து வேன் பிடித்து வந்து, எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் கோயிலின் பின்வரிசையில் கடைசி வரை இருந்த எங்கள் உறவினர்களுக்கும் நன்றி. அவர்களுக்குப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கம் காட்டிய சபையாரை நாங்கள் மறக்க மாட்டோம்.

கட்டுரை முடிவில் அக்காவுக்குப் பிடித்த வசனத்தைப் போட வேண்டும் என்றார் அத்தான். அவர் ஒன்று சொன்னார், எஸ்தர் வேறொன்று சொன்னாள். முடிவு காண அக்காவின் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தோம். நீலம், கறுப்பு, சிவப்பு, பென்சில் என்று பக்கத்துக்குப் பக்கம் கோடு. சில இடங்களில் கோட்டின் மேலேயே கோடு. மூவரும் ஒரு மாலை முழுக்கப் புரட்டியும் எது என்று சொல்ல முடியவில்லை. ஆகவே அச்சகத்தாரிடம் இதன் கீழே நான்கு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். அக்கா உங்களில் யாரிடமாவது ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால், அதை உங்கள் கையால் அங்கே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் எனக்கும் ஒரு வார்த்தை தெரிவியுங்கள்.

தங்கை,
எழுமலை