ஆர்லிஸும் பிப்ரவரிச் சீட்டும்

ஒரு மாடு நேற்று என்ன தின்றது என்பதை ஆர்லிஸ் குச்செரா அதன் சாணியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கூச்சமும் கிடையாது, பெருமையும் கிடையாது. முப்பத்தொரு வருஷமாக வெர்லின் ஹோசிங்கின் மாட்டுப் பட்டியில் அவளுக்கு அதுதான் வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நாற்பத்திரண்டு அடைப்புகளையும் சுற்றி வருவாள். தொட்டியில் தீவனம் மிச்சம் கிடந்தால் அளவைக் குறைப்பாள். நக்கித் துடைத்தது போல இருந்தால் கூட்டுவாள். அவள் எழுதிக் கொடுக்கும் அளவுக்குத்தான் தீவன லாரி ஓடும்.

அவள் கணவனுக்கு வயோமிங்கில் வேலை கிடைத்தபோது, "நீயும் வா" என்று கூப்பிட்டான். "நாலாயிரம் வாய்க்கு நாளைக்குக் காலையில யாரு படியளக்கிறது?" என்று கேட்டாள். அவன் போனவன் போனவன்தான். அவளும் திரும்பக் கூப்பிடவில்லை.

பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து பத்து அடைப்புகளில் கயிறு தொங்கவிடச் சொன்னபோது பட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லிஸ் சிரிக்கவில்லை, கட்டினாள். புதிதாக எது தொங்கினாலும் மாடு அதை வாயில் போட்டுச் சப்பிப் பார்க்காமல் விடாது. சப்பிய கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டு அனுப்பினால், அந்த அடைப்பில் கிருமி நடமாடுகிறதா என்று ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் தேடிய கிருமி மாட்டை ஒன்றும் செய்யாது. அதன் குடலில் வாடகை இல்லாமல் சொகுசாகக் குடியிருக்கும். அறுக்கும்போது கறியில் ஒட்டி மனிதக் குடலுக்குள் போனால்தான் தன் குணத்தைக் காட்டும். ரத்தமாகப் போகும், சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகமே படுத்துவிடும்.

முதல் தடவை கயிறு கட்டியது பிப்ரவரியில். தரை இரும்பாக இறுகிக் கிடந்தது. மாட்டு எச்சில் கயிற்றிலேயே உறைந்து, அவிழ்க்கக் கத்தி தேவைப்பட்டது. பத்துக் கயிற்றிலும் ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. வெர்லின் அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினான்.

வசந்தத்தில் மக்காச்சோளம் விலை ஏறியது. பக்கத்து எத்தனால் ஆலையில் வடித்து மிஞ்சிய ஈரச் சோளச் சக்கையை வாங்கித் தீவனத்தில், பத்துக்கு நாலு பங்கு கலக்கச் சொன்னான் வெர்லின். கயிறு கட்டிய பத்து அடைப்புகளில் ஆறுக்குச் சக்கை போனது, நாலுக்குப் போகவில்லை. ஜூலையில், ஈ மொய்க்கும் வெயிலில், மறுபடி கயிறு கட்டினாள். இந்தத் தடவை ஏழு கயிற்றில் கிருமி. சக்கை தின்ற ஆறு அடைப்பிலும் இருந்தது; தின்னாததில் ஒன்றே ஒன்றில்.

"சக்கையைக் குறைச்சுப் பார்க்கலாம் வெர்லின். வெயில் இறங்குற வரைக்குமாவது" என்றாள்.

"எதுக்கு? மாடு நல்லாத்தானே இருக்கு."

"மாடு நல்லாத்தான் இருக்கும். திங்கிறவன் நல்லா இருக்க வேண்டாமா?"

"அது அறுக்கிறவன் பாடு" என்று சொல்லிவிட்டு, ஜூலைச் சீட்டை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

ஆகஸ்டில் ஊர்க் கண்காட்சி வந்தது. வருஷா வருஷம் வெர்லின் ஒரு காளையைத் தீயணைப்புத் தொண்டர்களுக்குக் கொடுப்பான். ஊர்க் கசாப்புக்காரர் அதை அறுத்து, கொத்துக்கறியாக அரைத்துத் தருவார். வியாழக்கிழமை சாயங்காலம் தொண்டர்கள் பர்கர் சுட, ஊரே வரிசையில் நின்று சாப்பிடும். நடுவில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், கடித்தால் சாறு முழங்கை வரை ஒழுக வேண்டும். முழுக்க வெந்தது ஒமாஹா நகரத்துக்காரர்களுக்கு என்பது உள்ளூர்க் கௌரவம்.

இந்த வருஷத்துக் காளை ஒன்பதாம் அடைப்பிலிருந்து போனது. சக்கை தின்ற, ஜூலைக் கயிற்றில் கிருமி வந்த அடைப்பு. அதை லாரியில் ஏற்றியபோதே இது வேண்டாம் என்று ஆர்லிஸ் சொன்னாள். வெர்லின் காதில் வாங்காமல் போய்விட்டான். அவள் நேரே கடைக்குப் போய், கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை அடுப்புக்காரனிடம் தனியாகச் சொல்லிக் காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆனால் வியாழக்கிழமை அவள் கண்காட்சிக்குப் போனபோது, தொண்டர்களின் பர்கர் கடை முகப்பில் ஒரு பலகை தொங்கியது. 'சோதித்துப் பார்த்த மாடு. கவலையில்லாமல் சாப்பிடுங்கள்.' அதன் கீழே, சட்டத்தோடு, பிப்ரவரிச் சீட்டு.

ஆர்லிஸ் இரண்டு தடவை படித்தாள். பக்கத்து மேசையில் கிடந்த தடித்த பேனாவை எடுத்து, கண்ணாடியின் மேலேயே எழுதினாள்: 'இது பிப்ரவரி. ஜூலையில் பத்துக்கு ஏழு.'

"ஏய் ஆர்லிஸ், அங்க என்ன கிறுக்குற?" என்று அடுப்புப் பக்கமிருந்து கத்தினான் கேலன் வோக்ட். பதினைந்து வருஷமாக அவன்தான் சுடுகிறவன்.

"விட்டுப்போனத எழுதுறேன்."

"அதான் சோதிச்சுட்டாங்களே!"

"ஜனவரியில கொசுவத் தேடிட்டு ஊர்ல கொசுவே இல்லன்னு பலகை மாட்டுவியா நீ?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் வரிசைக்குக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அடுப்புக்கு வந்து, முதல் பர்கரில் ஊசியைச் செருகினாள். நூற்று முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். கேலன் ஊசியைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"மாட்டுக்குப் பின்னாடி வைக்கிறதில்லையே இது?"

"அது வண்டியில இருக்கு. வேணும்னா கொண்டாறேன். நூத்தறுபது வர்ற வரைக்கும் ஒண்ணும் அடுப்ப விட்டு இறங்காது கேலன்."

"எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான் சுடுறோம்."

"உங்கப்பா காலத்துல சக்கை ஏது? முழுக்கறிய நீ ரத்தம் சொட்டச் சொட்டத் தின்னு, நான் கேக்க மாட்டேன். மேல ஒட்டுனது நெருப்புல செத்துரும். அரைச்ச கறியில மேல எது, உள்ள எது?"

வரிசை நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "பர்கர் கேட்டா செருப்புத்தோல் குடுக்குறாங்கப்பா!"

"மென்னு தின்னு! பல்லு இருக்குல்ல?" என்றாள் ஆர்லிஸ், திரும்பாமலே.

"பொய்ப்பல்லு!"

"அப்ப ரொட்டிய மட்டும் தின்னு!"

கேலன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நெஜமாவே ஏழா?" என்றான்.

"நான் கட்டுன கயிறு. நான் அவுத்த கயிறு."

அவன் கரண்டியை எடுத்தான். பிறகு தட்டுகளில் எடுத்து வைத்திருந்த பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக மறுபடி நெருப்பில் போட்டான்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, வெர்லின் வந்துவிட்டான். தீயணைப்புத் தொண்டர்களுக்கும் அவன்தான் தலைவன். முகம் சிவந்திருந்தது. கண்ணாடியில் எழுதியிருந்ததைப் படித்ததும் கழுத்தும் சிவந்தது.

"என் மாட்ட, என் ஊர்க்காரங்க முன்னாடி, விஷம்ங்கிறியா?"

"விஷம்னு சொல்லல. வேகவைன்னு சொல்றேன்."

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதனாலதான் கண்ணாடியில எழுத வேண்டியதாப் போச்சு."

வெர்லின் பலகையையும் சட்டத்தையும் ஒரே இழுப்பில் பிடுங்கிக் கையில் இடுக்கிக்கொண்டான். ஆணி தெறித்துப் புல்லில் விழுந்தது.

"ரொம்ப நல்லது. அந்தப் பலகையக் கழட்டணும், அதான் எனக்கும் வேணும்" என்றாள் ஆர்லிஸ்.

வெர்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் கத்தும்போது அவளுக்குப் பயமில்லை. தாழ்த்தும்போதுதான் அவன் நினைத்ததைச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

"திங்கக்கிழம வண்டிச் சாவியக் கொண்டாந்து குடுத்துடு."

நாற்பத்திரண்டு தொட்டிகளும் வரிசையாக அவள் கண்ணில் வந்து போயின. பதினேழாம் அடைப்பில் புது மாடுகள் வந்து நாலு நாள்தான் ஆகிறது. அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் வயிறு உப்பிச் சாகும். அதை யார் பார்ப்பார்கள்? 'வெர்லின், நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை' என்று இறங்கி வர ஒரு வாய்ப்பு இருந்தது. அவன் அதற்காகவே ஒரு கணம் நின்ற மாதிரியும் இருந்தது.

அவள் அடுத்த பர்கரில் ஊசியைச் செருகினாள். நூற்று நாற்பத்தெட்டு.

"திங்கக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு" என்றாள். "அடுப்புல அறுபது கெடக்கு. வரிசையில நிக்கிறதுன்னா நில்லு வெர்லின். இல்லன்னா வழிய விடு, பொகை வெளிய போகட்டும்."