சிவப்புத் துணியை நான் ஏன் இழுத்தேன்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதில் பறக்கும் வீரனைத் தேடுகிறவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். சென்ற ஆண்டு எங்கள் காஜா பெராங் வீட்டில், அப்பாவின் உடல்மீது சித்தப்பா போர்த்திய சிவப்புத் துணியை எல்லோர் முன்னாலும் நான் இழுத்து எடுத்தேன். அன்றுமுதல் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறீர்கள். பேசியது போதும், இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

அப்பா செங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஜப்பான்காரன் காலத்தில் அவரையும் பெரியப்பாவையும் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கடைசித் தம்பியான சித்தப்பாவை அண்ணன்மார் முன்கூட்டியே தெங்கேராவில் ஒளித்து வைத்ததால் அவர் தப்பினார். போர் முடிந்து அப்பா மட்டும், தோளில் ஒரு கோணிச் சாக்கோடு திரும்பினார்.

நாடு விடுதலை பெறும் மெர்டேக்கா நெருங்கிய மாதங்களில் அந்தச் சாக்கைச் சித்தப்பா சிவப்புப் போர்வையாக்கினார். வார இதழில் அப்பாவை வைத்து அவர் வரைந்த படக்கதையின் வீரன் அதைத் தோளில் கட்டிக்கொண்டு சயாம் காட்டின்மேல் பறந்தான், தண்டவாளத்தை வெறுங்கையால் வளைத்தான், காய்ச்சலில் கிடந்தவர்களை ஆற்றுக்கு அப்பால் தூக்கிப் போனான். ஒருவர்கூடச் சாகவில்லை. எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது, மறைக்கவில்லை. வாரந்தோறும் அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

ஒரு வாரம் அப்பா போதும் என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். காலரா கண்ட பெரியப்பாவை நோயாளிக் குடிசையில் போடச் சொன்னவன் காவலன், கொண்டுபோய்ப் போட்டவர் அப்பா. அங்கே பெரியப்பா நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே மழை. அண்ணன் மேலிருந்த சாக்கை உருவிக்கொண்டு அப்பா வந்துவிட்டார். விடிந்தபோது பெரியப்பா உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு அப்பா எதையும் போர்த்திக்கொண்டதே இல்லை.

சித்தப்பாவை வரவழைத்து இதையெல்லாம் சொல்லி, பெரியப்பாவையும் கதையில் வரையச் சொன்னார்.

“அப்படிப் போட்டா எவன் வாங்கிப் படிப்பான், அண்ணே? சனங்களுக்கு ஜெயிக்கிறவன்தான் வேணும்.”

“அவரு ஒனக்கும் அண்ணன்தான்டா” என்றார் அப்பா.

வீட்டுத் துக்கத்திலிருந்து கதை எடுப்பது குற்றமில்லை. சாக்கை எடுத்த சித்தப்பா, அதற்குரியவரை வெளியே தள்ளியதுதான் குற்றம்.

சென்ற ஆண்டு அப்பாவின் இறுதிச் சடங்கில், கோடித் துணிகளைக் காலடியில் வையுங்கள், மேலே போர்த்த வேண்டாம் என்று வாசலிலேயே சொன்னேன். எல்லோரும் அப்படியே வைத்தீர்கள். எல்லாம் தெரிந்த சித்தப்பா மட்டும் கழுத்துவரை போர்த்தி, வீரனுக்கு இதுதான் மரியாதை என்றார். இழுத்தேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பாடை கட்டியவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. இன்னும் ஒருவர் இருக்கிறார். கடைசி நாளன்று மருத்துவமனையில் தாதி ஒருவர் கம்பளி போர்த்த வந்தார்.

“எனக்கு வேணாம்மா. அண்ணனுக்குப் போடுங்க” என்றார் அப்பா.

எந்த அண்ணன் என்று தாதி கேட்கவில்லை. கட்டிலருகே காலியாக இருந்த நாற்காலியின்மேல் கம்பளியை விரித்து, காற்றுப் புகாதபடி ஓரங்களைச் செருகிவிட்டுப் போனார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே கண் மூடினார். அந்தத் தாதியின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி அவருக்கே.