பழுதான பிளொப்பிக்கு முன்னால் இருந்தது

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெற்வேர்க் கார்ட்டுகளைப் பூட்டி முடித்த அன்றுதான் வில்லங்கம் தொடங்கியது. விண்டோஸில் நல்லபிள்ளையாக வேலை செய்த கார்ட்டை லினக்ஸ் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் மெஷின்களைப் பராமரிப்பது என் வேலை. லினக்ஸ் வகுப்பு தொடங்கலாம் என்று யோசனை சொன்னவர் ஜெசிந்தா. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இடம்பெயர்ந்து, தாயைப் போர்முனைக்கு அப்பால் வன்னியிலுள்ள தர்மபுரத்தில் விட்டுவிட்டு வந்து, எங்களிடம் தற்காலிகமாகப் படிப்பித்தார்.

முகாமையாளர் கறாரான மனிதர். "மாதம் முடியிறதுக்குள்ள மெஷினெல்லாம் ஒண்டோட ஒண்டு கதைக்க வேணும். கதைச்சா உங்களை நிரந்தரமாக்கிறன். இல்லாட்டி என்னைக் குறை சொல்லாதேங்கோ" என்று ஜெசிந்தாவிடம் சொன்னார்.

வேலை போனால் வவுனியாவில் தங்குவதற்கு இராணுவம் ஜெசிந்தாவுக்குக் கொடுத்திருந்த அனுமதிப் பாஸும் போய்விடும். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

லினக்ஸின் உள்மையமான கெர்னலைப் படித்தால்தான் கோளாறு பிடிபடும் என்று நானும் ஜெசிந்தாவும் முடிவு கட்டினோம். எதை வைத்துப் படிப்பது? கொழும்பிலிருந்து வரவழைத்த தலையணைப் புத்தகத்தில் பாதிக்கு மவுஸைக் கிளிக் பண்ணும் விதம்தான் இருந்தது. பிறகு கொழும்பிலிருந்த என் நண்பன் இன்ரநெற்றில் கெர்னலின் மூலநிரலை இறக்கி, துண்டு துண்டாக்கி, ஒரு கட்டுப் பிளொப்பிகளில் அனுப்பிவைத்தான்.

நடுவில் ஒன்று பழுது. துண்டுகள் வரிசையாகத்தான் திறக்கும் என்பதால், அதற்கு முந்தியவை திறந்தன, பிந்தியவை திறக்கவில்லை. 'கெர்னல்' என்ற பெயருள்ள டிரெக்டரி பழுதுக்கு அந்தப் பக்கம். எங்கள் கெட்ட காலம்! 'டொக்கியுமென்ரேசன்' என்ற டிரெக்டரி மட்டும் முழுசாக வந்திருந்தது.

"உது வெறும் குறிப்புத்தானே அண்ணை. எங்களுக்குக் கோட் எல்லோ வேணும்" என்றார் ஜெசிந்தா.

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பழுதானதுக்குப் பதிலாக வேறு பிளொப்பி அனுப்பும்படி நண்பனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். அது வரவில்லை, மாதம்தான் முடிந்தது. முகாமையாளர் சொன்னபடியே ஜெசிந்தாவை வேலையிலிருந்து நிறுத்தினார்.

"கார்ட் ஏன் வேலை செய்யேல்லை எண்டு தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்கோ அண்ணை. தெரியாமல் போறதுதான் மனவருத்தமாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் தாயிடம் போனார்.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு, ஹார்ட் டிஸ்க்கில் இடம் காணாமல் அந்த டிரெக்டரியை அழிக்கப் போனேன். அழிக்கமுன் சும்மா ஒரு கோப்பைத் திறந்தேன். எங்கள் கார்ட்டின் பெயர் அதில் கிடந்தது. இந்தப் பழைய ரகக் கார்ட்டை லினக்ஸ் தானாகத் தேடாது, அது எந்த முகவரியில் இருக்கிறதென்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். ஒரேயொரு வரி. அடித்தேன். பக்கத்து மெஷின் பதில் சொன்னது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

முகாமையாளர் எட்டிப் பார்த்தார். "அட, கதைக்குதே! அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ, கிளாஸைத் தொடங்குவம்."

"எப்பிடிக் கூப்பிடுறது சேர்? சண்டையால இப்ப வன்னிப் பாதை பூட்டியெல்லோ கிடக்கு."

கெர்னல் படிக்க எது நல்ல புத்தகம் என்று இளையவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். கெர்னலோடு சேர்ந்து வரும் குறிப்புகளை முதலில் திறவுங்கள் என்பேன். உங்கள் கேள்வி எவ்வளவு சின்னது என்றும் பாருங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வரி. அதற்காக நாங்கள் முழுக் கெர்னலையும் தேடினோம்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்ததும் தர்மபுரத்துக்குப் போய் விசாரித்தேன். அந்தக் குடும்பம் அங்கே இல்லை. எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கார்ட் ஏன் வேலை செய்யவில்லை என்பது ஜெசிந்தாவுக்கு இன்னும் தெரியாது.